கருத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாதா?

ஏப்ரல் 9, இரவு 9.40 (மதுரை வாசகர் ஒருவரின் கேள்வி)

எங்கள் தாத்தா எழுபது வயது வரை வயக்காட்டில் வெயிலில் நின்றவர். முகத்தில் பெரிதாகச் சுருக்கம் கிடையாது. சன்ஸ்கிரீன் என்ற பேரே அவருக்குத் தெரியாது. நம்ம தோலின் கருப்பே போதும், இந்த கிரீமெல்லாம் வெள்ளைக்காரனுக்கு என்கிறேன் நான். வீட்டில் தங்கை சண்டைக்கு வருகிறாள். மருந்துக்கடை அக்கா சொல்லட்டும், நான் சொல்வது சரியா தவறா?

ஏப்ரல் 9, இரவு 10.30

பாதி சரி, தம்பி.

நிறமியைத் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை வெள்ளைத் தோலிலும் நம் தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் செல்கள் அனுப்பும் மெலனின் என்ற நிறமித் துகள்கள் நமக்குப் பெரியவை, நெருக்கமாகப் பரவி நிற்பவை. அதனால் கதிர் உள்ளே இறங்குவது குறைகிறது. 1979ல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். கருப்பினத்தவரின் மேல்தோல் வழியாக யுவி-பி கதிர் (வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு வகை) 7 சதவீதம் போல இறங்கியது. வெள்ளைத் தோலில் 24 சதவீதத்துக்கும் மேல். அந்தக் கருப்புத் தோலின் சொந்தப் பாதுகாப்பை சன்ஸ்கிரீன் கணக்கில் சொன்னால் எஸ்பிஎஃப் (யுவி-பியை எவ்வளவு தடுக்கும் என்று டப்பாவில் போடும் எண்) 13 போல வரும். தமிழர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நிறம், தங்கச்சி ஒரு நிறம்.

ஆக, பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் முழுசாக இல்லை. வெள்ளைத் தோலில் வெயில் சுருக்கமாகத் தெரியும். நம் தோலில் முதலில் நிறமாகத் தெரியும். கன்னத்தில் மங்கு என்கிற படர்ந்த கருமை, நெற்றியோரம் கருமை, மூக்குத் தண்டில் ஒரு பழுப்புத் திட்டு. சுருக்கம் வருவதற்குள் பத்து வருஷமாவது கூடுதலாக ஓடிவிடும். அதற்குள் "உழைச்ச முகம்" என்று நாமும் சொல்லிப் பழகிவிடுகிறோம்.

உங்கள் தாத்தாவின் முகத்தை விடுங்கள், அவர் பிடரியைப் பாருங்கள்.

ஏப்ரல் 9, இரவு 10.50

இன்னொன்று. சட்டைக் கையை மேலே சுருட்டி, மேல்கையின் உள்பக்கத்தை முன்கையின் வெளிப்பக்கத்தோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. நிறம் மட்டும் மாறியிருக்கிறதா, அல்லது தோலின் மிருதுத்தன்மையும் மாறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி வெயில் செய்தது.

ஏப்ரல் 10, காலை 6.15

கடை திறக்கும் முன் கொஞ்சம் நேரம் இருக்கிறது. வெயில் உள்ளே என்ன செய்கிறது என்பதை எழுதிவிடுகிறேன்.

தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரில் 95 சதவீதம் யுவி-ஏ. மிச்சம்தான் யுவி-பி. சுட்டுச் சிவக்க வைப்பதும், தோல் உரிய வைப்பதும் பெரும்பாலும் யுவி-பி. அது பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். யுவி-ஏ எரிச்சல் தராது, வலி தராது, கீழ்த்தோல் வரை இறங்கும். அங்கேதான் தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் இழைகள் இருக்கின்றன. கதிர் பட்டதும் கொலாஜனை வெட்டும் நொதிகள் சுரக்கத் தொடங்கும். வெட்டியதை உடம்பு மறுபடி கட்டுகிறது, ஆனால் முன்பிருந்த ஒழுங்கில் கட்டுவதில்லை. இது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. எலாஸ்டின் என்ற இன்னொரு இழை உண்டு, தோலை இழுத்து விட்டால் திரும்ப வரவைப்பது. வெயிலில் அது அழிவதற்குப் பதிலாகக் கட்டி கட்டியாகத் திரண்டு பயனில்லாமல் போகிறது, நைந்துபோன எலாஸ்டிக் மாதிரி. இடம் அடைத்துக்கொள்ளும், இழுவை இருக்காது.

அடுத்தது டிஎன்ஏ. யுவி-பி பட்டால் ஏணி மாதிரி இருக்கும் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்துப் படிகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செல் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பும். இந்தப் பழுதுபார்ப்பு எப்படி நடக்கிறது என்று கண்டதற்காகத்தான் 2015ல் விஞ்ஞானி அஸீஸ் சன்ஜாருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது, வேறு இருவரோடு சேர்த்து. அதே வருஷம் யேல் பல்கலைக்கழகத்தில் இன்னொன்றைக் கண்டார்கள். வெயிலை விட்டு நிழலுக்கு வந்த பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்த ஒட்டல் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. அதற்குத் துணை போவது மெலனின்! நம்மைக் காக்கும் அதே மெலனின்தான். கருப்பே போதும் என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏப்ரல் 10, மதியம் 2.20

"முகம் முதிர்வதில் 80 சதவீதம் வெயிலால்தான்" என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். அந்த எண் பிரான்சில் 298 வெள்ளைக்காரப் பெண்களிடம் பார்த்து 2013ல் எழுதப்பட்டது. நமக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது. வெயிலின் பங்கு பெரியது என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏப்ரல் 11, இரவு 9.05

பேருந்து ஓட்டும் அண்ணாச்சி கேட்டது நல்ல கேள்வி: "உள்ளே உட்கார்ந்து ஓட்டுபவனுக்கு என்ன வெயில்?"

2012ல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு படம் வந்தது. 69 வயது மனிதர், 28 வருஷம் சரக்கு லாரி ஓட்டியவர். முகத்தின் வலதுபாதி வயதுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது. இடதுபாதி தடித்து, மடிப்பு விழுந்து, முண்டு முண்டாக இருக்கிறது. அங்கே ஓட்டுநருக்கு இடது பக்கம் ஜன்னல். சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவி-பியை நன்றாகத் தடுக்கும், யுவி-ஏவைப் பெருமளவு விட்டுவிடும். எரியவில்லை, சிவக்கவில்லை என்பதால் அவருக்குத் தெரியவே இல்லை.

நம் ஊரில் அது வலது பக்கம். என் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவருடைய வலது முன்கையில் கைக்கடிகாரம் கட்டுவதில்லை, சட்டை அரைக்கை. முழங்கைக்குக் கீழே தோல் வறண்டு, சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன, மிளகு அளவுகூட இல்லை. பல பேர் இதைத் தேமல் என்று நினைத்துத் தேமல் மருந்து கேட்டு வருவார்கள். தேமல் செதில் விடும், பரவும். இது செதில் விடாது, வருஷக்கணக்கில் வெயில் பட்ட இடத்தில் நிறமிச் செல்கள் குறைந்துபோன அடையாளம். இடது கையில் அந்தப் புள்ளிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

கார்களைப் பற்றி 2016ல் ஒரு ஆய்வு வந்தது. 29 கார்களில் பார்த்ததில் முன்கண்ணாடி சராசரியாக 96 சதவீதம் யுவி-ஏவைத் தடுத்தது, ஏனென்றால் அது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. பக்கக் கண்ணாடி சில கார்களில் 44 சதவீதம்தான் தடுத்தது, சிலவற்றில் 96 சதவீதம். வெளியே பார்த்தால் எது எப்படி என்று சொல்ல முடியாது. நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் கண்ணாடி திறந்தே இருக்கும், ஆக இரண்டு கதிரும் சேர்ந்தே வரும். அண்ணாச்சி, முழுக்கைச் சட்டை போடுங்கள். முடியவில்லை என்றால் வலது கைக்கு மட்டும் ஒரு கையுறை மாட்டிக்கொள்ளுங்கள், பைக் ஓட்டும் பிள்ளைகள் தோள் வரை மாட்டுகிறார்களே, அது.

ஏப்ரல் 12, மதியம் 12.40

இப்போது கடைக்கு வெளியே வந்து நின்றால் என் நிழல் காலடிக்குள் கிடக்கிறது. தூத்துக்குடியில் ஏப்ரல் 12, 13 வாக்கில் சூரியன் நடு உச்சிக்கு வந்துவிடும். நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடத்தில் குச்சி நட்டுக் காட்டுவார்கள். சென்னைக்கு இது 24ஆம் தேதி வாக்கில்.

எல்லாரும் அக்னி நட்சத்திரத்துக்குப் பயப்படுகிறோம். வெக்கை வேறு, புற ஊதா வேறு. கத்திரி வெயில் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஆனால் புற ஊதாக் கதிர் இப்போதே உச்சத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற ஊதா அளவீட்டில் 3க்கு மேல் போனாலே பாதுகாப்பு வேண்டும், 11க்கு மேல் மிகக் கடுமை. தெளிந்த வானத்தில் நம் ஊர் நடுப்பகல் அந்த 11ஐ எளிதாகத் தாண்டும். கைபேசி வானிலைச் செயலியில் இந்த எண் வருகிறது, பாருங்கள். கைபேசி இல்லையென்றால் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் கவனியுங்கள். ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதா 10 சதவீதம் போலக் கூடும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல். குளிரில் யாருக்கும் வெயில் உறைக்காது. அங்கிருந்து திரும்பி வந்து "அக்கா, முகம் கருத்துப்போச்சு" என்று மே மாதம் முழுக்கக் கேட்பார்கள்.

ஏப்ரல் 12, இரவு 8.30

மதுரைத் தம்பி தாத்தாவின் பிடரியைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: "குறுக்கும் நெடுக்குமாகக் கோடு ஓடி, கட்டம் கட்டமாக இருக்கு அக்கா, முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை." அதேதான். வயலில் குனிந்தே வேலை செய்பவர்களுக்கு முகத்தைவிடப் பிடரியில்தான் சூரியன் நேராக அடிக்கும். தோல் மருத்துவப் புத்தகங்களில் இதற்குத் தனிப் பெயரே உண்டு, விவசாயிகளிடமும் மாலுமிகளிடமும் பார்த்து வைத்தது. தாத்தா தலையில் துண்டு கட்டியிருப்பார், அது நெற்றியைக் காப்பாற்றியிருக்கும். துண்டின் முனையைப் பின்னால் தொங்க விட்டிருந்தால் பிடரியும் தப்பியிருக்கும்.

ஏப்ரல் 14, காலை 11.00

புத்தாண்டு வாழ்த்துகள். இன்று பாதி நாள் கடை.

சன்ஸ்கிரீன் வேலை செய்கிறதா என்று பலர் கேட்டீர்கள். செய்கிறது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்ற ஊரில் 1992லிருந்து ஊர்க்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு தினமும் பூசச் சொன்னார்கள், மற்றவர்களை அவரவர் விருப்பப்படி விட்டார்கள். புறங்கையில் அச்சு எடுத்துத் தோலின் கோடுகளை ஒப்பிட்டார்கள். நாலரை வருஷத்தில் தினமும் பூசியவர்களிடம் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. எஸ்பிஎஃப் 15 சேர்ந்த கிரீம்தான் கொடுத்தது. வெள்ளைத் தோல்காரர்கள்தான், இருந்தாலும் கொலாஜன் எல்லாருக்கும் ஒரே கொலாஜன்.

எஸ்பிஎஃப் 15 யுவி-பியில் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. ஆக 50க்கும் 100க்கும் காசு வித்தியாசத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். யுவி-ஏவுக்கு டப்பாவில் பிஏ என்று போட்டு கூட்டல் குறிகள் இருக்கும், குறைந்தது மூன்று இருக்கட்டும்.

ஆனால் அந்த எண்கள் எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான். நாம் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கான அளவு. இப்படிப் பூசினால் 50 கிராம் டியூப் இரண்டு மாதம்கூட வராது, அதுவும் நாளுக்கு ஒரு தடவை பூசினால். வியர்த்து வழிகிற ஊரில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும்.

இதைத்தான் சொல்ல வந்தேன். உப்பளத்து வேலைக்குப் போகிற அக்காக்களிடம் போய் "இரண்டு மணிக்கு ஒரு தடவை பூசுங்கள்" என்று நான் எப்படிச் சொல்ல? கை முழுக்க உப்பு.

ஏப்ரல் 15, இரவு 9.45

எங்கள் தூத்துக்குடிப் பக்கம், முத்தையாபுரம் தொட்டு வேப்பலோடை வரை, அளத்தில் வேலை செய்யும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். தலையில் துண்டு, அதன் மேல் தொப்பி. நூறு நாள் வேலையிலும் கட்டட வேலையிலும் இதே சட்டைதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்த பாதுகாப்பு. நிறைய கிரீம்களைவிட மேலானது, ஏனென்றால் அது வியர்வையில் கரையாது.

சரி, எந்தத் துணி என்றால் நெசவு நெருக்கமானது. துணியைச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று பாருங்கள். அடர் நிறம் வெளிர் நிறத்தைவிட நன்றாகத் தடுக்கும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் பாதுகாப்பு இன்னும் குறையும். ஜீன்ஸ் துணி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தடுக்கும், ஆனால் நம் வெக்கையில் அதை யார் போடுவது? நெருக்க நெசவில் தளர்வான அடர் நீலப் பருத்திச் சட்டை, அது போதும்.

அளத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. பாத்தித் தண்ணீரும் உப்புக் குவியலும் கீழிருந்து பளீரென்று அடிக்கும், கண்ணைத் திறக்க முடியாது. தொப்பி மேலிருந்து வருவதைத்தான் மறைக்கும். தாடைக்குக் கீழே, மூக்கின் அடிப்பக்கம் கருத்துப்போவது இதனால்தான். கழுத்து வரை சுற்றிய துண்டும், கண்ணுக்கு ஒரு கருப்புக் கண்ணாடியும் வேண்டும். அந்தக் கண்ணாடியை முதலாளி வாங்கிக் கொடுக்க வேண்டும், நிழற்கொட்டகையும் அவர்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். தோலைக் காப்பது தொழிலாளியின் சொந்தச் செலவு என்று விடக்கூடாது.

ஏப்ரல் 17, இரவு 11.10

இன்று எழுதுவது கோபத்தில்.

மாலையில் ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். அடிவரை சுருட்டிப் பிழிந்த ஒரு டியூபை நீட்டி "இதே கொடுங்க அக்கா" என்றார். பெயர் படிக்கக்கூட முடியவில்லை, மை தேய்ந்துவிட்டது. ஒரு ஸ்டீராய்டு, நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோன், தோலை உரிய வைக்கும் ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த கிரீம். மங்குக்காக வேறொரு கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுத்தது, ஒரு வருஷமாகப் பூசுகிறாராம். கன்னத்தில் சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிகின்றன. தாடையில் ரோமம் வளர்ந்திருக்கிறது. "பூசாமல் விட்டால் எரியுது, வெயிலில் இறங்க முடியலை" என்கிறார்.

முதல் மாதம் இந்தக் கிரீம் முகத்தைப் பளிச்சென்று காட்டும், அதனால்தான் விற்கிறது. அப்புறம் ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். மெலிந்த தோல் வெயிலைத் தாங்காது. நிறுத்தினால் சிவந்து எரியும், அதைத் தணிக்க மறுபடி அதையே பூசுவார்கள். ஹைட்ரோகுயினோனைக் கணக்கில்லாமல் பூசினால் நீலம் பாய்ந்த கருமை ஒன்று வரும், அதைப் போக்குவது மங்கைப் போக்குவதைவிடக் கஷ்டம். மருத்துவர் குறிப்பிட்ட சில வாரங்களுக்கு என்று எழுதிக் கொடுக்கும் மருந்து இது. 2018லேயே ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்துவிட்டது. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று எது இருந்தாலும் முகத்தில் நீங்களாகப் பூசாதீர்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். படிக்க முடியாத டியூபை வாங்காதீர்கள்.

அவருக்கு நான் கொடுக்கவில்லை. பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போகச் சொல்லி, திடீரென்று நிறுத்தாமல் எப்படி விடுவது என்று அங்கே கேளுங்கள் என்றேன். மங்கு மறுபடி வருமே என்று அழுதார். எதனால் அவர் அழுதார் என்று நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. நிறத்தை வைத்துப் பெண்ணை அளக்கும் வீடுகள் இருக்கும் வரை இந்தக் கிரீம் விற்கும்.

ஏப்ரல் 18, காலை 7.00

நேற்றையதோடு சேர்த்துக்கொள்ள இரண்டு.

எலுமிச்சம்பழச் சாறு தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் இருக்கும் ஒரு பொருள் யுவி-ஏவோடு சேர்ந்தால் தோலைப் பொசுக்கும். கொப்புளம் வந்து, ஆறின பின் மாதக்கணக்கில் கருத்த தடம் நிற்கும். கருமை போக என்று தேய்த்துக் கருமையை வாங்கிக்கொள்வது.

சில மாத்திரைகளும் வெயிலோடு ஒத்துப்போகாது. முகப்பருவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்த மாத்திரைகளில் கலந்திருக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடு இரண்டும் முக்கியமானவை. மாத்திரையை நிறுத்தாதீர்கள். வழக்கத்தைவிட வெயில் சுட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏப்ரல் 20, இரவு 10.15

"காலை 7 மணி இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். அந்த நேரத்தில் சூரியன் சாய்ந்திருக்கும், யுவி-பி காற்று மண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். வைட்டமின் டி செய்வது யுவி-பிதான். மனசுக்கு நல்லது, நடங்கள், ஆனால் வைட்டமின் கணக்கில் அது மிகக் கொஞ்சம். பத்து மணிக்கு மேல் கையும் காலும் சிறிது நேரம் வெயில் படட்டும், முகத்தை மூடிக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் மாத்திரை இருக்கிறது, அதற்காக மங்கை வளர்க்க வேண்டியதில்லை.

மங்கு பற்றி இன்னொன்று. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நம் நிறத் தோலில் மங்கைக் கூட்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் தடுக்கும். மங்கு இருப்பவர்கள் வாங்குவதானால் அதையே வாங்குங்கள், வெள்ளைப் பூச்சும் தெரியாது. கர்ப்பத்தில் வரும் மங்கு பல பேருக்குப் பிரசவத்துக்குப் பின் தானாக மங்கும், அவசரப்பட வேண்டாம்.

ஏப்ரல் 23, மதியம் 3.30

தோல் புற்று நமக்கு வருமா என்ற கேள்விக்கு: வெயிலால் வருவது நம்மிடம் குறைவு, மெலனின் அங்கே உண்மையாகவே காப்பாற்றுகிறது. ஆனால் கருத்த தோலில் மெலனோமா (நிறமிச் செல்லில் தொடங்கும் புற்று) வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரும். அதற்கு வெயில் முக்கியக் காரணமில்லை. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லி 1981ல் இறந்தது கால்விரலில் தொடங்கிய அதனால்தான். நகத்தடியில் கருப்புக் கோடு அகலமாகிக்கொண்டே போனால், ஆறாத புண் காலில் இருந்தால், காட்டிவிடுங்கள்.

பிறவியிலேயே நிறமி இல்லாத பிள்ளைகளுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அவர்களுக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் மருந்து மாதிரி கட்டாயம். பள்ளியில் பதினோரு மணி விளையாட்டு வகுப்புக்கு அவர்களை நிழலில் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

ஏப்ரல் 26, இரவு 9.20

விடுபட்ட இரண்டு கேள்விகள்.

கைக்குழந்தைக்குப் பூசலாமா? ஆறு மாதம் வரை வேண்டாம். நிழலும் துணியும் போதும். அதற்கு மேல் ஜிங்க் ஆக்சைடு உள்ளதைக் கொஞ்சமாகக் கையில் பூசிப் பார்த்து, தடிப்பு வரவில்லை என்றால் பூசுங்கள்.

உதடு: மீன்பிடிக்கப் போகிற அண்ணன் கேட்டார், கீழ் உதடு எப்போதும் வெடித்து வெள்ளை படிந்திருக்கிறதாம். கடலுக்குப் போகிறவர்களின் கீழ் உதட்டில் சூரியன் நேராக விழும். அண்ணே, இது வெறும் வறட்சியாகவும் இருக்கலாம், புற்றுக்கு முந்தைய நிலையாகவும் இருக்கலாம். பீடியும் பிடிக்கிறீர்கள் என்கிறீர்கள். நெய் தடவிக்கொண்டு காத்திருக்காமல் இந்த வாரமே தோல் மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ காட்டுங்கள். பல் மருத்துவரும் உதட்டைப் பார்ப்பார்.